பிள்ளையின் காலை டிபனில் அப்பாவும் அம்மாவும் ஒத்துப்போக ஒரு வழி

பள்ளி வேன் எங்கள் மடிப்பாக்கத்துத் தெருமுனைக்குக் காலை 7.20 மணிக்கு வந்து நிற்கும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில், ஆறு வயது மகள் தூக்கக் கலக்கத்தோடு தட்டின் முன் உட்கார்ந்திருக்க, அவளுடைய தலைக்கு மேலே எங்கள் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும். "ஒரு முட்டையாவது சாப்பிட்டுட்டுப் போகட்டுமே" என்பார் என் கணவர். "ரெண்டு இட்லி உள்ளே போனாலே போதுங்க, வேன் வந்துடும்" என்பேன் நான். இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவள், "அப்பா, எனக்கு சாக்லேட் கார்ன்ஃபிளேக்ஸ் குடுப்பா" என்பாள். பெரும்பாலான நாட்களில் அவள் கேட்டதே நடந்தது. இட்லியும் வெல்லக் கூடாது, முட்டையும் வெல்லக் கூடாது என்று நாங்கள் நின்றதால், இருவருமே விரும்பாத உணவு அவள் தட்டுக்கு வந்து சேர்ந்தது.

இப்படி ஏறக்குறைய ஓராண்டு போன பிறகுதான் நாங்கள் உட்கார்ந்து பேசினோம். அதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காக, எங்களுக்குப் பயன்பட்ட முறையை இங்கே எழுதுகிறேன். எந்த உணவு உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்வது இதன் நோக்கம் அன்று. காலை உணவைப் பற்றிய சண்டை ஒன்றுபோலத் தெரிந்தாலும், அதற்குள் சத்தைப் பற்றிய அச்சம், வீட்டு வழக்கத்தைப் பற்றிய பற்று, யார் செய்வது என்ற வேலைச் சுமை ஆகிய மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகத் தீர வேண்டியது என்பதைப் புரிந்துகொண்டதுதான் எங்களுக்குத் திருப்பமாக அமைந்தது.

பேசும் நேரம்

முதலில், தட்டு வைத்த பிறகு பேசுவதை நிறுத்த வேண்டும். பிள்ளையின் எதிரில் ஒருவர் கொடுத்ததை மற்றவர் குறை சொன்னால், அந்த உணவைச் சாப்பிடாமல் இருக்கலாம் என்பதற்கு வீட்டிலேயே ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது. அம்மா மறுத்தால் அப்பாவிடம் போகலாம், அப்பா மறுத்தால் பாட்டியிடம் போகலாம் என்பதைக் குழந்தை மிக விரைவில் கற்றுக்கொள்ளும். அதற்காகக் குழந்தையைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஆகவே, பேசி முடிவெடுக்கும் நாள் வரை ஒரு தற்காலிக விதியை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அடுப்பில் நிற்பவர் எதைச் செய்கிறாரோ அதுவே டிபன்; மற்றவருக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் காலையில் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது; சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடலாம். பிறகு பிள்ளைகள் தூங்கிய ஒரு சனிக்கிழமை இரவில், கைபேசிகளைத் தள்ளி வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசுங்கள். வயிறு நிறைந்த நேரத்தில் உணவைப் பற்றிப் பேசுவது எளிது.

அந்தப் பேச்சில் இருவரும் தனித்தனித் தாளில் எழுத வேண்டியது, "இட்லி வேண்டும்", "முட்டை வேண்டும்" என்பதை அன்று. எதற்காக அதைக் கேட்கிறோம் என்பதை. என் கணவர் தம் தாளில், தாம் சிறுவனாக இருந்தபோது வகுப்பிலேயே மெலிந்தவராக இருந்து கேலிக்கு ஆளானதை எழுதியிருந்தார். பதினோரு ஆண்டு மணவாழ்க்கையில் அதை நான் அன்றுதான் அறிந்தேன். மகளுடைய மெல்லிய கைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு என்ன தோன்றியது என்பது புரிந்தவுடன், முட்டை என்ற சொல்லே எனக்கு வேறு விதமாகக் கேட்டது. என் தாளில் இருந்தது எளியது: காலையில் எனக்கு இரண்டு கைகள்தான் இருக்கின்றன என்று எழுதியிருந்தேன்.

சத்தைப் பற்றிய அச்சத்தை எண்களோடு வைத்துப் பார்ப்பது

அச்சங்களில் சரிபார்க்கக் கூடியவற்றை உடனே சரிபார்த்துவிட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 4 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 16 கிராம் புரதமும், 7 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைக்கு 23 கிராம் புரதமும் தேவை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லிலிட்டரில், அதே அளவு இருக்கிறது. நடுத்தர அளவுள்ள ஓர் இட்லியில் சுமார் 2 கிராமும், பருப்பு தாராளமாகப் போட்ட சிறு கிண்ணம் சாம்பாரில் இரண்டு மூன்று கிராமும் கிடைக்கும்.

இதைக் கூட்டிப் பார்த்தபோது எங்கள் இருவருக்குமே வியப்பாக இருந்தது. இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும் சாப்பிட்டாலே எங்கள் மகளின் அன்றைய புரதத் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலையிலேயே கிடைத்துவிடுகிறது. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் உளுந்தில் நிறைய இருக்கிறது, உளுந்தில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது என்பதால், இரண்டும் சேர்ந்த மாவில் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. மாவு புளிக்கும்போது நுண்ணுயிரிகள் பி வகை வைட்டமின்கள் சிலவற்றைக் கூட்டி, இரும்பையும் துத்தநாகத்தையும் உடல் ஏற்க விடாமல் தடுக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கவும் செய்கின்றன. கணவரின் அச்சம் பாதி தணிந்தது.

ஆனால் என் பக்கத்திலும் ஓட்டை இருந்தது. எங்கள் வீட்டில் மகள் இட்லியைச் சாம்பாரோடு சாப்பிடுவதில்லை, சர்க்கரையோடு சாப்பிடுகிறாள். அப்படியானால் நான் பெருமையோடு சொல்லி வந்த டிபனில் 4 கிராம் புரதம்தான் இருந்தது, காய்கறி ஒன்றுகூட இல்லை. இட்லி நல்லது என்று வாதாடும் பெற்றோர், பிள்ளையின் வாய்க்குள் இட்லியோடு எது போகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இந்த அனுபவத்தால்தான்.

பாக்கெட் உணவை மதிப்பிடுவதற்கும் ஒரு முறை உண்டு. உறையின் முன்பக்கத்தில் இருக்கும் பழங்களையும் விளையாட்டு வீரர்களையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருட்களின் பட்டியல், எடையில் அதிகமானது முதலில் வரும்படி எழுதப்பட்டிருக்கும்; சர்க்கரை இரண்டாவது இடத்தில் இருந்தால் அது சிறிதளவு அன்று. 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரியில் 100 கிராமுக்கு 30 கிராம் என்று இருந்தால், 30 கிராம் போட்ட ஒரு கிண்ணத்தில் 9 கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை, பாலில் போடுவதற்கு முன்பே இருக்கிறது. சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் ஒரு நாளைய மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நன்று என்று உலக சுகாதார அமைப்பு 2015-இல் அறிவுறுத்தியது. நாளொன்றுக்குச் சுமார் 1,360 கலோரி தேவைப்படும் 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு அந்த 5 சதவீதம் என்பது 17 கிராம். அதில் பாதிக்கு மேல் அந்த ஒரு கிண்ணத்திலேயே தீர்ந்துவிடுகிறது. பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அவற்றை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது.

இதே நேர்மை நம் பாட்டி வழி உணவுக்கும் வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருப்பது உண்மை. ஆனால் அந்தக் கூழில் நான்கு கரண்டி வெல்லம் போட்டால், உடலைப் பொறுத்தவரை அதுவும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். சர்க்கரை சேர்க்காத ஓட்ஸோ சாதாரண கார்ன்ஃபிளேக்ஸோ பாலும் நறுக்கிய வாழைப்பழமும் சேர்த்து வாரத்தில் ஒரு நாள் கொடுப்பதால் எந்தக் குறையும் வந்துவிடாது. சிறு பிள்ளைக்கு டிபனோடு காபியோ டீயோ கொடுக்கும் வழக்கத்தை மட்டும் இருவரும் சேர்ந்து நிறுத்திவிடுங்கள். அவற்றில் உள்ள டானின் உணவிலிருக்கும் இரும்பு உடலில் சேருவதைத் தடுக்கிறது.

எண்களால் தீராதது

முட்டை விவகாரத்தில் எண்கள் பாதி வழிதான் வந்தன. என் பிறந்த வீட்டில் முட்டை வாங்கியதே இல்லை. அது அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும். என் கணவரின் உணவைத் தீட்டு என்பதுபோல நான் முகம் சுளித்தால் அவருக்கு வலிக்கும். இரு வேறு உணவு வழக்கங்களிலிருந்து வந்து திருமணம் செய்துகொண்டவர்கள் சென்னையில் எத்தனையோ பேர் இருக்கிறோம். இதை ஊட்டச்சத்து விவாதமாக மாற்றி வெல்லப் பார்ப்பது இருவருக்கும் நியாயம் ஆகாது. இங்கே வேண்டியது எல்லை வகுப்பது. எங்கள் வீட்டில் முட்டைக்கென்று தனிக் கடாயும் கரண்டியும் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் அவரே வேக வைப்பார் அல்லது பொரிப்பார், அவரே கழுவி வைப்பார். மகளுக்கு வேண்டுமா என்று ஒரே ஒரு முறை கேட்பார். வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம்தான். நான் அதைப் பற்றிக் கருத்துச் சொல்வதில்லை.

முட்டையே வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தால், அதன் இடத்தை நிரப்பும் பொறுப்பும் அந்த முடிவோடு சேர்ந்து வருகிறது. முந்தின இரவு ஊற வைத்த பாசிப்பயற்றை இஞ்சி சேர்த்து அரைத்து வார்க்கும் தோசை, பருப்பு அடை, தேங்காய்ச் சட்னிக்குப் பதிலாக வேர்க்கடலைச் சட்னி, கொஞ்சம் சுண்டல் ஆகியவை போதும். வைட்டமின் பி12 மட்டும் தாவர உணவில் கிடைப்பதில்லை. பாலும் தயிரும் சாப்பிடும் பிள்ளைக்கு அவற்றிலிருந்து அது கிடைக்கும். அவற்றையும் தொடாத பிள்ளையாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேலையைப் பங்கிடுவது

என் அனுபவத்தில் பாதிச் சண்டைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் நாற்காலியில் அமர்ந்து "பிள்ளைக்குச் சிறுதானியம் கொடு" என்று சொல்ல, மற்றவர் ஐந்தரை மணிக்கு எழுந்து வரகரிசியைக் கழுவ வேண்டியிருக்கும் வீட்டில் எந்த உணவுத் திட்டமும் நிலைக்காது. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு: புதிய உணவைக் கேட்பவர், முதல் நான்கு முறை அதைத் தம் கையால் செய்ய வேண்டும். இந்த விதி வந்த பிறகு இருவருடைய யோசனைகளும் தாமாகவே நடைமுறைக்கு ஏற்றவையாகிவிட்டன.

கிழமைவாரியாக ஒரு பட்டியல் எழுதி ஒட்டுவது நல்லது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்றாகக் காய்கறிச் சாம்பாரோடு முன்பே வகுத்திருப்பதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. இத்தனை பிள்ளைகளுக்கு முன்கூட்டியே முடிவெடுக்க முடிகிறதென்றால், மகனும் மகளுமாக இரண்டே பிள்ளைகள் இருக்கும் எங்கள் வீட்டில் ஏன் தினமும் காலையில் புதிதாக முடிவெடுக்க வேண்டும்? உங்கள் பிள்ளை பள்ளியில் அந்த டிபனைச் சாப்பிடுபவராக இருந்தால், வீட்டில் இன்னொரு முழு டிபன் தேவையில்லை. ஒரு பழமோ கொஞ்சம் பாலோ போதும். அந்த வீடுகளில் இந்தச் சண்டைக்கே பெரும்பாலும் இடமில்லை.

எங்கள் பட்டியலில் திங்கட்கிழமை இட்லியும் சாம்பாரும், செவ்வாய்க்கிழமை பாசிப்பயற்றுத் தோசை, புதன்கிழமை வெண்பொங்கல், வியாழக்கிழமை கேழ்வரகு, வெள்ளிக்கிழமை கேரட்டும் பீன்ஸும் பட்டாணியும் போட்ட சேமியா. சனிக்கிழமை அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்கு விதி இல்லை. செட் தோசைக்கு வடகறி வாங்கி வந்தால் அன்றைக்குச் சத்துக் கணக்குப் பேசுவதில்லை என்பதும் உடன்படிக்கையில் ஒன்று. மாவை ஞாயிற்றுக்கிழமை மாலையில் அரைப்போம். முடியாத வாரத்தில் அண்ணாச்சி கடை மாவு பாக்கெட் வரும், அதற்காக யாரும் யாரையும் குத்திக்காட்டுவதில்லை. காய் நறுக்குவது, பயறு ஊற வைப்பது, ரவை வறுத்து வைப்பது எல்லாம் இரவிலேயே முடிந்துவிடும். அவை என் கணவரின் வேலை.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டு வர வேண்டும். அதை அவரவர் பெற்றோரிடம் அவரவரே சொல்ல வேண்டும். சர்க்கரை குறைப்பதைப் பற்றி என் மாமியாரிடம் நான் சொல்லியிருந்தால் அது குறையாகத் தோன்றியிருக்கும்; மகன் உட்கார்ந்து, "அம்மா, பாலில் ஒரு கரண்டி போதும்மா, நீங்களே கலந்து குடுங்க" என்று சொன்னதும் அத்தை அதைத் தம் பொறுப்பாகவே ஏற்றுக்கொண்டார். சத்துமாவை அளந்து வறுத்து அரைப்பது இன்றும் அவர்தான்.

எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதில் மோதல் வந்தால்

எதைக் கொடுப்பது என்பதில் உடன்பட்ட பிறகும், எவ்வளவு என்பதில் பிணக்கு வரும். ஒருவர் தட்டு காலியாகும் வரை விட மாட்டார்; மற்றவர் போகட்டும் என்பார். அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் வகுத்த பொறுப்புப் பங்கீடு இதற்கு எங்களுக்கு மிகவும் உதவியது: எதை, எப்போது, எங்கே உண்பது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும், உண்பதா, எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளை தீர்மானிக்க வேண்டும். ஊட்டி வளர்ப்பதை அன்பாகக் கருதும் நம் வீடுகளில் இதை ஏற்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். கைபேசியைக் காட்டி ஊட்டிய காலம் எங்களுக்கும் உண்டு. அதில் பிள்ளை சாப்பிட்டது உண்மைதான், ஆனால் தன் வயிறு நிறைந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

நடைமுறையில், தட்டில் அவளுக்குப் பழக்கமான ஒன்று நிச்சயம் இருக்கட்டும். புதியதை ஒரு வாய் அளவு மட்டும் வையுங்கள். மறுத்தால் அதற்காக வேறொரு டிபன் செய்யாதீர்கள். புதிய உணவைப் பிள்ளை ஏற்க, சில சமயம் பத்துப் பதினைந்து முறை அதைப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு முறை மறுத்ததும், "நான்தான் சொன்னேனே, அவளுக்குப் பிடிக்காது" என்று வெற்றி கொண்டாடுவதை இருவரும் தவிர்க்க வேண்டும்.

காலையில் பசிக்கவே இல்லை என்றால், காரணம் பெரும்பாலும் முந்தின இரவில் இருக்கும். ஓஎம்ஆர் சாலையில் உள்ள அலுவலகத்திலிருந்து அப்பா வந்து சேர ஒன்பதரை ஆகிறது என்று பிள்ளையின் இரவு உணவும் ஒன்பதரைக்குத் தள்ளிப் போனால், காலை ஆறே முக்காலுக்கு எந்தப் பிள்ளைக்கும் பசிக்காது. நாங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டை ஏழரைக்கு மாற்றினோம். எழுந்தவுடன் கொடுத்து வந்த ஒரு டம்ளர் பாலை மாலைக்கு மாற்றினோம். வயிற்றைப் பாலால் நிரப்பிவிட்டு இட்லி இறங்கவில்லை என்று சண்டையிட்டது அப்போதுதான் விளங்கியது. இவ்வளவும் செய்த பிறகும் ஓர் இட்லிதான் சாப்பிடுகிறாள் என்றால், மற்றொன்றைப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி இடைவேளை டப்பாவில் வையுங்கள். ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு முழு வேர்க்கடலையோ முந்திரியோ வைக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும், பொடித்துக் கொடுங்கள்.

இவற்றால் தீராத நிலைகளும் உண்டு. பிள்ளையின் எடை மாதக் கணக்கில் ஏறாமல் நின்றாலோ, குறைந்தாலோ, முகம் வெளுத்துச் சோர்ந்திருந்தாலோ, மண்ணையோ சுவர்ச் சுண்ணாம்பையோ சாக்பீஸையோ தின்றாலோ, உங்கள் விவாதத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். அருகில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடையும் உயரமும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. வளர்ச்சி அட்டவணையில் குறித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மெலிவாகத் தெரியும் எத்தனையோ பிள்ளைகள் அதில் தங்களுக்குரிய கோட்டிலேயே சீராக வளர்ந்துகொண்டிருப்பார்கள். ஆனால் கட்டாயம் இருவரும் சேர்ந்து போங்கள். ஒருவர் மட்டும் போய் வந்தால், மருத்துவர் சொன்னது வீட்டுக்கு வரும்போது ஒரு கட்சியின் வாதமாக மாறிவிடுகிறது. அட்டவணையில் மகளின் புள்ளி கோட்டின் மேல் இருப்பதைத் தம் கண்ணால் பார்த்த அன்றுதான் என் கணவர் முட்டையைப் பற்றி வற்புறுத்துவதை முழுமையாக விட்டார்.

பட்டியலை எழுதிய பிறகு இரண்டு வாரம் மாற்றாமல் நடத்துங்கள். மூன்றாவது சனிக்கிழமை இரவில் மறுபடியும் உட்காருங்கள். எங்கள் முதல் பட்டியலில் வியாழக்கிழமைக்கு இருந்த கேழ்வரகு அடை இரண்டு முறையும் தட்டிலேயே திரும்பி வந்தது. இப்போது இட்லி மாவில் மூன்றில் ஒரு பங்கு கேழ்வரகு மாவு கலந்து மெல்லிய தோசையாக வார்க்கிறோம். மகன் மூன்று சாப்பிடுகிறான்; மகள் ஒன்றும், இன்னொன்றில் பாதியும் சாப்பிடுகிறாள்.